எல்லா நேரத்தையும் யூடிசியில் சேமித்தால் போதுமா?

கேள்வி: 2025 செப்டம்பர் 8, காலை

பைத்தானில் ஒரு முன்பதிவு மென்பொருள் எழுதுகிறேன். பயனர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். எங்கே தேடினாலும் "யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமி, திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக மாற்று" என்றுதான் சொல்கிறார்கள். அதைச் செய்துவிட்டேன். இதற்கு மேல் கவலைப்பட ஏதாவது இருக்கிறதா?

செப்டம்பர் 8, மதியம்

நடந்து முடிந்தவற்றுக்கு அது போதும். நடக்கப்போகிறவற்றுக்குப் போதாது. முன்பதிவு என்றாலே நடக்கப்போவதுதான். ஆகவே உங்கள் மென்பொருளின் முக்கியமான தரவே தவறான வடிவத்தில் இருக்கிறது.

2018இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஒருவர், 2019 டிசம்பரில் காலை 10 மணிக்கு ஒரு சந்திப்பைப் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய விதிப்படி டிசம்பரில் அங்கே டேலைட் சேவிங் (கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும் வழக்கம்) நடப்பில் இருக்கும், ஆஃப்செட், அதாவது யூடிசியிலிருந்து உள்ளூர் நேரத்தின் தூரம், மைனஸ் 2 மணி. நீங்கள் 12:00 யூடிசி என்று கணக்கிட்டு டேட்டாபேஸில் போட்டுவிடுகிறீர்கள். 2019 ஏப்ரலில் பிரேசில் டேலைட் சேவிங்கையே ரத்து செய்தது. டிசம்பர் வந்தபோது ஆஃப்செட் மைனஸ் 3. உங்கள் 12:00 யூடிசி இப்போது திரையில் காலை 9 மணி என்று வரும். அவர் சொன்னது 10 மணி. எதிரே உட்காரப் போகிறவரும் 10 மணிக்குத்தான் வருவார்.

அவர் சொன்னதை நீங்கள் சேமிக்கவே இல்லை. அன்றைக்கு இருந்த விதியை வைத்துக் கணக்கிட்ட விடையைத்தான் சேமித்தீர்கள். விதி மாறியதும் விடை செல்லாது. கணக்கை மறுபடி போடலாம் என்றால் கேள்வி கையில் இல்லை.

எனவே அவர் சொன்ன உள்ளூர் தேதியும் நேரமும் ஒரு நெடுவரிசையில், "அமெரிக்கா/சாவோ_பாவ்லோ" என்ற டைம்சோன் பெயர் இன்னொன்றில். யூடிசி மதிப்பு வேண்டுமென்றால் மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது எப்போது வேண்டுமானாலும் மறுபடி கணக்கிடக்கூடியது என்று தெரிந்து வையுங்கள்.

செப்டம்பர் 8, இரவு

மேலே இருப்பதைப் படித்துவிட்டு "அப்படியானால் யூடிசி வேண்டாமா" என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டும். ஒரு பணப்பரிமாற்றம் நடந்த நொடி, ஒருவர் லாகின் செய்த நொடி, சென்சார் அளவெடுத்த நொடி எல்லாமே உலகம் முழுக்க ஒரே கணம். எந்த அரசு என்ன விதி மாற்றினாலும் அந்தக் கணம் நகராது. அவற்றுக்கு யூடிசியை விட நல்லது எதுவும் கிடையாது.

நான் எதிர்ப்பது "எல்லாவற்றையும்" என்ற சொல்லை மட்டும்தான். நிரலில் "நேரம்" என்று நாம் எழுதுவது குறைந்தது மூன்று வேறு சங்கதி. ஒரு கணம். சுவர்க் கடிகாரம் காட்டும் நேரம். மணியே இல்லாத வெறும் தேதி. பிறந்த நாள் மூன்றாவது வகை, சந்திப்பு இரண்டாவது, லாக் வரி முதலாவது. எதை எந்த டைப்பில் போடுவது என்று யோசிப்பதற்கு முன்னால், இது எந்த வகை என்று முடிவு செய்துவிட்டால் பாதி பக் பிறக்கவே பிறக்காது.

செப்டம்பர் 10

சரி, பைத்தானுக்கு வருவோம். கேட்டவர் பைத்தானில்தான் எழுதுகிறார்.

தேதியையும் நேரத்தையும் சேர்த்து வைக்கும் டேட்டைம் ஆப்ஜெக்டுகள் இரண்டு விதம். டைம்சோன் தெரிந்தது ஒன்று, தெரியாதது ஒன்று. ஆவணத்தில் "அவேர்", "நைவ்" என்று இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே கிளாஸ். இரண்டையும் கழித்தாலோ, சிறியது பெரியது என்று ஒப்பிட்டாலோ டைப்எரர் வரும். அது நல்லது, சத்தம் போட்டுச் சொல்லிவிடுகிறது. ஆனால் சமமா என்று மட்டும் கேட்டால் சத்தமே இல்லாமல் "இல்லை" என்று பதில் வரும். இந்த ஒரு வரி ஒளிந்திருந்ததால், நகல் பதிவுகளை நீக்கும் ஒரு நிரல் எதையுமே நீக்காமல் ஓடிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இதைவிட ஆபத்து, இப்போதைய யூடிசி நேரத்தைக் கொடுக்கும் யூடிசிநவ் ஃபங்ஷன். பெயரில் யூடிசி இருக்கிறது, கொடுப்பதோ டைம்சோன் இல்லாத டேட்டைம். டைம்சோன் இல்லாததை, பைத்தானின் டைம்ஸ்டாம்ப் ஃபங்ஷன் "இது இந்த மெஷினின் உள்ளூர் நேரம்" என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் லேப்டாப் யூடிசிக்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் இருந்தால், யூடிசிநவ் கொடுத்ததிலிருந்து எடுத்த யூனிக்ஸ் எண் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் நொடிகள்) 19,800 நொடி பின்தங்கி இருக்கும். அதே நிரலை யூடிசிக்கு அமைத்த சர்வரில் ஓட்டினால் சரியான எண். சர்வரில் சரி, லேப்டாப்பில் தவறு என்றால் மனிதர்கள் லேப்டாப்பைத்தான் சந்தேகப்படுவார்கள். பிறகு ஒருநாள் அந்த சர்வரை யாரோ உள்ளூர் டைம்சோனுக்கு மாற்றுவார்கள்.

2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12இல் யூடிசிநவ்வையும் அதன் தம்பி யூடிசிஃப்ரம்டைம்ஸ்டாம்பையும் கைவிட வேண்டியவை என்று அறிவித்துவிட்டார்கள். இனி டேட்டைம்.நவ்(டைம்சோன்.யூடிசி) என்றே எழுதுங்கள். பழைய நிரலில் தேடி மாற்றும்போது ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒரு பக்கம் அவேர் ஆகி மறுபக்கம் நைவாகவே இருந்தால், நேற்று வரை ஓடிய ஒப்பீடுகள் இன்று டைப்எரர் கொடுக்கும். டேட்டாபேஸிலிருந்து வாசிக்கும் இடத்தை முதலில் சரிசெய்யுங்கள். மற்றவை அதன் பின்னால் வரும்.

செப்டம்பர் 10, சற்று நேரம் கழித்து

பைடிஇசட் என்ற பழைய டைம்சோன் லைப்ரரியைப் பயன்படுத்தலாமா என்று ஒரு கேள்வி. புதிதாக எழுதுவதென்றால் வேண்டாம். பைத்தான் 3.9இலிருந்து அதே வேலையைச் செய்யும் ஸோன்இன்ஃபோ மொழியோடே வருகிறது.

பைடிஇசட்டில் ஒரு பிரபலமான பொறி இருக்கிறது. டேட்டைம் உருவாக்கும்போதே டிஇசட்இன்ஃபோ இடத்தில் பைடிஇசட்டின் நியூயார்க்கைக் கொடுத்தால் ஆஃப்செட் மைனஸ் 5 வராது, மைனஸ் 4 மணி 56 நிமிடம் என்று வரும். முதன்முதலில் பார்ப்பவர்கள் ஏதோ கோப்பு கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள். கெடவில்லை. அது நியூயார்க் நகரின் சொந்தச் சூரிய நேரம். 1883 நவம்பர் 18 அன்று அமெரிக்க ரயில் நிறுவனங்கள் பொது நேரத்துக்கு மாறும்வரை ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் இருக்கும் சூரியனை வைத்துத்தான் மணி சொன்னது. டைம்சோன் தரவுத்தளத்தில் நியூயார்க்கின் முதல் வரி அதுதான். எந்தத் தேதிக்கு எந்த வரி என்று பைடிஇசட்டிடம் நாமே சொல்ல வேண்டும், அதற்குத்தான் லோக்கலைஸ் என்ற ஃபங்ஷன். அதைக் கூப்பிடாவிட்டால் முதல் வரியையே கொடுத்துவிடும். ஸோன்இன்ஃபோவில் இந்தச் சிக்கல் இல்லை.

நான்கு நிமிடம் நகர்ந்து நிற்கும் சந்திப்புகளை எங்காவது பார்த்தால் உடனே இதைத் தேடுங்கள்.

செப்டம்பர் 13

8ஆம் தேதி "டைம்சோன் பெயர்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதை விரித்துச் சொல்ல வேண்டும். ப்ளஸ் 5:30 என்று ஆஃப்செட்டைச் சேமித்து "டைம்சோன் சேமித்தாயிற்று" என்று நினைப்பவர்கள் நிறைய. ஆஃப்செட் என்பது ஒரு கணத்தில் யூடிசியிலிருந்து உள்ள தூரம், அவ்வளவுதான். அந்த இடம் அடுத்த மாதம் எந்தத் தூரத்தில் இருக்கும் என்று அதற்குத் தெரியாது. மூன்றெழுத்துச் சுருக்கங்கள் இன்னும் மோசம். ஐஎஸ்டி என்றால் இந்தியாவா, இஸ்ரேலா, அயர்லாந்தா? சிஎஸ்டி என்றால் அமெரிக்காவின் நடுப்பகுதியா, சீனாவா, கியூபாவா?

கண்டம்/நகரம் என்ற வடிவில் உள்ள பெயர்கள் இணையப் பெயர்களையும் எண்களையும் ஒருங்கிணைக்கும் ஐயானா அமைப்பின் டைம்சோன் தரவுத்தளத்திலிருந்து வருகின்றன. 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது, பிறகு பால் எகர்ட் பராமரிக்கிறார். 2011இல் இதன்மேல் ஒரு பதிப்புரிமை வழக்கு வந்து, அதையொட்டி ஐயானாவின் பொறுப்புக்குப் போனது. நாம் தொடும் ஏறக்குறைய எல்லா ஃபோனும் சர்வரும் இந்தச் சில உரைக்கோப்புகளை நம்பித்தான் மணி காட்டுகின்றன. இதைத் தன்னார்வலர்கள் விடாமல் நடத்தி வருவதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே மரியாதை பொங்குகிறது.

அவர்களுடைய வேலை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் 2023 மார்ச்சில் லெபனானில் நடந்ததைப் பாருங்கள். மாத இறுதியில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ள வேண்டும். சில நாட்களே இருக்கும்போது அதை ஏப்ரலுக்குத் தள்ளிவைப்பதாக அரசு அறிவித்தது. நாட்டில் பாதிப்பேர் அதை ஏற்காமல் பழைய தேதியிலேயே மாற்றிக்கொண்டார்கள். ஒரே நாட்டில் இரண்டு மணி. சில நாளில் அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. தரவுத்தளத்தில் அந்தத் தள்ளிவைப்புக்காக 2023பி என்ற பதிப்பு வந்தது, அதை ரத்து செய்ய உடனேயே 2023சி வந்தது. இடையில் 2023பி மட்டும் ஏறிய சர்வர்கள் என்ன காட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் நடைமுறைப் பாடம் ஒன்று இருக்கிறது. உங்கள் அமைப்பில் இந்தத் தரவுத்தளத்தின் நகல் ஒன்றல்ல. ஆபரேடிங் சிஸ்டத்தில் ஒன்று, ஜாவா இருந்தால் அதன் நிரலாக்கத் தொகுப்பான ஜேடிகேவுக்குள் ஒன்று, பைடிஇசட்டுக்குள் ஒன்று, பயனரின் பிரவுசரில் ஒன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில் புதுப்பிக்கப்படும். சர்வர் ஒரு மணியும் பிரவுசர் இன்னொரு மணியும் காட்டுகிறது என்று புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்தப் பதிப்பு எண்களைத்தான்.

விண்டோஸில் பைத்தானுக்குத் தோதான நகல் இல்லவே இல்லை. டிஇசட்டேட்டா என்ற பேக்கேஜைத் தனியாக நிறுவ வேண்டும். ஆல்பைன் லினக்ஸ் மாதிரி சிறிய டாக்கர் இமேஜ்களிலும் (நிரல் ஓடத் தேவையானதை மட்டும் கட்டிய பொதிகள்) இதே கதை. லேப்டாப்பில் ஓடியது கன்டெய்னரில் "டைம்சோன் கிடைக்கவில்லை" என்று விழுந்தால் காரணம் இதுதான்.

செப்டம்பர் 14

எதிர்காலச் சந்திப்பை உள்ளூர் நேரமாகச் சேமிக்கச் சொன்னேன். ஒருவர் சரியாகப் பிடித்தார்: "அந்த உள்ளூர் நேரமே இல்லாமல் போனால்?"

போகும். டேலைட் சேவிங் தொடங்கும் நாளில் ஒரு மணி நேரம் காணாமல் போகிறது, முடியும் நாளில் ஒரு மணி நேரம் இரண்டு தடவை வருகிறது. 2024 மார்ச் 10 அன்று நியூயார்க்கில் அதிகாலை 2:30 என்ற நேரமே கிடையாது. 2024 நவம்பர் 3 அன்று 1:30 இரண்டு முறை வந்தது.

பைத்தான் இதைப் பற்றி வாயே திறக்காது. இல்லாத 2:30ஐக் கேட்டால் மகிழ்ச்சியாக உருவாக்கிக் கொடுக்கும். கண்டுபிடிக்க ஒரே வழி, யூடிசிக்கு மாற்றித் திரும்ப உள்ளூருக்குக் கொண்டுவருவது. 2:30 போய் 3:30 வந்தால் அந்த நேரம் இல்லை என்று பொருள். இரண்டு தடவை வரும் நேரத்துக்கு 3.6இலிருந்து ஃபோல்டு என்று ஒரு பண்பு இருக்கிறது. 0 என்றால் முதல் 1:30, 1 என்றால் இரண்டாவது. ஆனால் ஒரே டைம்சோனுக்குள் ஒப்பிடும்போது பைத்தான் ஃபோல்டைக் கண்டுகொள்ளாது. ஒரு மணி நேர இடைவெளியுள்ள இரண்டு கணங்கள் "சமம்" என்று வரும்.

கழித்தலிலும் அப்படித்தான், இது பலருக்குத் தெரியாது. நியூயார்க்கில் 2024 மார்ச் 9 நண்பகலிலிருந்து மார்ச் 10 நண்பகல் வரை உண்மையில் கடந்தது 23 மணி நேரம். இரண்டும் ஒரே ஸோன்இன்ஃபோ கொண்ட அவேர் டேட்டைம்களாக இருந்தால் பைத்தான் சொல்லும் விடை 24 மணி. சுவர்க் கடிகாரக் கணக்கு என்று தெரிந்தே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். இரண்டையும் யூடிசிக்கு மாற்றிக் கழித்தால் 23 வரும். ஷிஃப்ட் நேரத்துக்குச் சம்பளம் கணக்கிடும் நிரல் என்றால் இந்த ஒரு மணி யாரோ ஒருவரின் உழைப்பு. யூடிசிக்கு மாற்றாமல் கழிக்காதீர்கள்.

இந்த விஷயத்தில் ஜாவாவின் புதிய டைம் பேக்கேஜ் என்ன செய்யும் என்று ஆவணத்தில் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. இல்லாத நேரம் என்றால் இடைவெளியின் நீளம் முன்னே தள்ளும். இரண்டு தடவை வரும் நேரம் என்றால் முந்தையதை எடுக்கும். 2014 மார்ச்சில் ஜாவா 8இல் வந்தது அது. ஸ்டீபன் கோல்போர்ன் தன் ஜோடா டைம் லைப்ரரியில் கற்றதையெல்லாம் கொண்டுவந்து சேர்த்தார். இன்ஸ்டன்ட், லோக்கல்டேட், லோக்கல்டேட்டைம், ஸோண்டுடேட்டைம் என்று வகைக்கொரு டைப். 8ஆம் தேதி இரவு நான் சொன்ன மூன்று வகையும் அங்கே தனித்தனியாக நிற்கின்றன. எந்த மொழியில் எழுதினாலும் அந்த ஆவணத்தை ஒருமுறை படியுங்கள்.

செப்டம்பர் 14, இரவு

முந்தைய குறிப்போடு ஒரு சிறு சேர்க்கை. "நள்ளிரவில் யாரும் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நாளின் தொடக்கம் 00:00 என்று எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தார் ஒருவர். 2018 நவம்பர் 4 அன்று சாவோ பாவ்லோவில் நள்ளிரவு 00:00 கிடையாது. நேராக 01:00. எகிப்திலும் நள்ளிரவில்தான் மாற்றுகிறார்கள். அன்றைய நாளின் முதல் கணம் எது என்று லைப்ரரியிடம் கேளுங்கள், நீங்களாகப் பூஜ்யங்களை நிரப்பாதீர்கள்.

செப்டம்பர் 17

வெறும் தேதி பற்றி.

ஒரு பயனர் தன் பிறந்த நாள் ஒரு நாள் முன்னதாகக் காட்டுகிறது என்று எழுதினார். திருத்தினோம். சில மாதம் கழித்து மறுபடி எழுதினார். அவர் கண்டம் விட்டுக் கண்டம் பயணம் செய்யும் வேலையில் இருப்பவர். எங்கள் தரவில் பிறந்த நாள் "யூடிசி நள்ளிரவு" என்ற கணமாகச் சேமிக்கப்பட்டிருந்தது. யூடிசிக்குக் கிழக்கே இருக்கும்போது தேதி சரி, மேற்கே போனால் ஒரு நாள் குறையும். யாருடைய பிறந்த நாளும் விமானம் ஏறியதும் மாறாது. ஆண்டு, மாதம், நாள் என்ற மூன்று எண்கள் மட்டுமே அது. டேட்டாபேஸில் டேட் டைப் இருக்கிறது, பைத்தானில் டேட் கிளாஸ் இருக்கிறது, அதில் நிறுத்துங்கள்.

பைத்தானில் ஒரு எச்சரிக்கை: டேட்டைம் கிளாஸ் டேட் கிளாஸின் வழிவந்தது. ஐஸ்இன்ஸ்டன்ஸ் வைத்து "இது டேட் வகையா" என்று கேட்டால் டேட்டைமுக்கும் ஆமாம் என்று வரும். இரண்டையும் பிரிக்க வேண்டுமென்றால் டேட்டைமை முதலில் சோதியுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் வேறு விதமாக அடி விழும். "2024-01-15" என்று ஸ்ட்ரிங் கொடுத்தால் யூடிசி நள்ளிரவு. அதே தேதியோடு 00:00 என்ற நேரத்தையும் சேர்த்து, கடைசியில் ஆஃப்செட் இல்லாமல் கொடுத்தால் உள்ளூர் நள்ளிரவு. நியூயார்க்கில் இருப்பவருக்கு முதலாவது 14ஆம் தேதி என்று தெரியும். அந்த டேட் ஆப்ஜெக்ட் 1995இல் அவசர அவசரமாக மொழியை உருவாக்கியபோது ஜாவாவின் பழைய டேட் கிளாஸைப் பார்த்து அப்படியே எடுத்தது. ஜனவரி 0 என்பதும் அங்கிருந்து வந்ததுதான். ஜாவா அதைக் கைவிட்டு மேலே போய்விட்டது, ஜாவாஸ்கிரிப்ட் இத்தனை வருடமாகச் சுமக்கிறது. இப்போது டெம்போரல் என்ற புதிய அமைப்பு வருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் 139இல், 2025 மேயில், வந்துவிட்டது. அதில் ப்ளெயின்டேட், இன்ஸ்டன்ட், ஸோண்டுடேட்டைம் எல்லாம் தனித்தனி. இல்லாத நேரத்தை என்ன செய்ய வேண்டும் என்று நாமே சொல்லலாம். "நிராகரி" என்றும் சொல்லலாம். இதற்காகத்தான் காத்திருந்தேன்.

தேதியே காணாமல் போன கதையும் உண்டு. சமோவா 2011 டிசம்பர் 30ஐத் தாண்டிக் குதித்தது. வியாழன் 29 முடிந்ததும் சனி 31. தேதிக் கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக முடிவெடுத்தார்கள், ஒரு வெள்ளிக்கிழமை இல்லாமல் போனது. "ஒரு வாரத்தில் ஏழு நாள்" என்று நம்பி எழுதிய நிரல் அங்கே அந்த வாரம் தவறியிருக்கும்.

செப்டம்பர் 18

தேதியை எந்த வடிவில் அச்சிடுவது என்று சொல்லும் ஃபார்மட் எழுத்துகள். பைத்தானில் சிறிய எம் மாதம், பெரிய எம் நிமிடம், இது எல்லோரும் ஒருமுறை இடித்துக்கொள்வது. ஜாவாவில் பெரிய ஒய் நான்கு போட்டால் வாரக் கணக்கின் ஆண்டு வரும். 2024 டிசம்பர் 30ஐ அப்படி அச்சிட்டால் 2025 டிசம்பர் 30 என்று வரும், ஏனென்றால் அந்த நாள் 2025இன் முதல் வாரத்தைச் சேர்ந்தது. வருடத்தில் 360 நாள் ஒழுங்காக ஓடிவிட்டு விடுமுறையில் எல்லோரும் இருக்கும்போது வெளியே வரும் பக் இது. சிறிய ஒய் போடுங்கள்.

கோ மொழியில் எழுத்தே கிடையாது. 2006 ஜனவரி 2, மாலை 3 மணி 4 நிமிடம் 5 நொடி என்ற ஒரு மாதிரி நேரத்தை உங்களுக்கு வேண்டிய வடிவில் எழுதிக் காட்ட வேண்டும். மாதம் 1, நாள் 2, மணி 3, நிமிடம் 4, நொடி 5, ஆண்டு 6, ஆஃப்செட் மைனஸ் 7. முதலில் விசித்திரமாக இருந்தது, இப்போது பிடித்துவிட்டது.

செப்டம்பர் 21

"ஒரு வேலை எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்க்க டைம்.டைம் போதுமா?" போதாது. சிஸ்டம் கடிகாரம் பின்னோக்கி நகரக்கூடியது. நெட்வொர்க் வழியே மணியைச் சரிசெய்யும் என்டிபி திருத்தும், யாராவது கையால் மாற்றுவார்கள். கால அளவுக்கு மோனோடோனிக் கடிகாரம். பைத்தானில் 3.3இலிருந்து டைம்.மோனோடோனிக் உண்டு. அது என்ன மணி என்று சொல்லாது, ஆனால் ஒருபோதும் பின்னே போகாது.

பின்னே போனால் என்ன ஆகும் என்பதற்குப் பெயர் பெற்ற உதாரணம் 2017 புத்தாண்டு. 2016 டிசம்பர் 31 யூடிசி முடிவில் ஒரு லீப் செகண்டை, அதாவது பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக ஒரு கூடுதல் நொடியை, சேர்த்தார்கள். கோ மொழியில் எழுதப்பட்ட, இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி தேடும்) நிரலில் இரண்டு நேரங்களைக் கழித்த விடை ஒரு கட்டத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போனது. நெகடிவ் எண்ணை எதிர்பார்க்காத ஃபங்ஷன் விழுந்தது. என்ன நடந்தது என்று அவர்களே விரிவாக வெளியிட்டார்கள். 2017 ஆகஸ்டில் வந்த கோ 1.9இல் டைம்.நவ்வுக்குள்ளேயே மோனோடோனிக் அளவையும் சேர்த்துவிட்டார்கள். பழைய நிரல்கள் ஒரு வரியும் மாற்றாமல் பாதுகாப்பாயின. எனக்கு மிகவும் பிடித்த மொழித் திருத்தங்களில் ஒன்று.

லீப் செகண்ட் என்றதும் கேட்பீர்கள். யூனிக்ஸ் நேரம் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை, ஒரு நாளுக்கு எப்போதும் 86,400 நொடி. பைத்தானின் டேட்டைமில் நொடி 59ஐத் தாண்டாது, 60 கொடுத்தால் பிழை. 1972இலிருந்து 27 தடவை சேர்த்திருக்கிறார்கள், 2016க்குப் பிறகு சேர்க்கவில்லை. 2035க்குள் இந்த வழக்கத்தை நிறுத்திவிடுவதாக 2022 நவம்பரில் எடைகள் அளவுகள் பொது மாநாட்டில் முடிவாகிவிட்டது. வெளியிலிருந்து வரும் தரவில் 23:59:60 வந்தால் நிரல் விழாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைம்டெல்டாவின் செகண்ட்ஸ் பண்பையும் நம்பாதீர்கள். ஒரு நாளும் ஒரு மணியும் உள்ள இடைவெளிக்கு அது 3,600 என்று மட்டும் சொல்லும், நாளைத் தனியாக வைத்திருக்கும். டோட்டல்_செகண்ட்ஸ் கேளுங்கள்.

செப்டம்பர் 22

மாதம் கூட்டுவது பற்றித் தனிச் செய்தியில் கேட்டிருந்தார் ஒருவர். ஜனவரி 31உடன் ஒரு மாதம்? கணிதத்தில் இதற்கு விடை கிடையாது, வியாபார விதியில்தான் உண்டு. பைத்தானின் டைம்டெல்டாவில் மாதமே இல்லை, அந்த மறுப்பு நியாயமானது. டேட்யூடில் லைப்ரரியின் ரிலேடிவ்டெல்டா பிப்ரவரியின் கடைசி நாளில் நிறுத்தும். ஜாவாஸ்கிரிப்டில் மாதத்தை மட்டும் மாற்றினால் வழிந்து மார்ச்சுக்குப் போய்விடும்.

சந்தா புதுப்பித்தலில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஜனவரி 31, பிறகு பிப்ரவரி 28, அதிலிருந்து ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28. பயனர் 31ஆம் தேதிக்காரர், அவர் 28ஆம் தேதிக்கு இறங்கிவிட்டார், திரும்ப ஏறவே மாட்டார். எப்போதும் முதல் தேதியிலிருந்து எத்தனை மாதம் என்று கணக்கிடுங்கள், முந்தைய விடையிலிருந்து அல்ல.

பிப்ரவரி 29இல் பிறந்தவரின் தேதியில் ரிப்ளேஸ் வைத்து ஆண்டை மாற்றினால் பைத்தான் வேல்யூஎரர் கொடுக்கும். 2012 லீப் நாளில் மைக்ரோசாஃப்டின் அஷூர் சேவை தடுமாறியது இதன் உறவுக்காரப் பிழையால்தான்: சான்றிதழின் காலாவதித் தேதிக்கு ஆண்டில் மட்டும் ஒன்றைக் கூட்டியிருந்தார்கள், 2013 பிப்ரவரி 29 கிடைத்தது.

செப்டம்பர் 25

டேட்டாபேஸ். 8ஆம் தேதி "மூன்று நெடுவரிசை" என்று சொன்னபோது எந்த டைப் என்று சொல்லவில்லை, அதில் குழப்பம் வந்திருக்கிறது.

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் "டைம்சோனுடன் டைம்ஸ்டாம்ப்" என்ற டைப் டைம்சோனைச் சேமிக்காது. பெயர் அப்படிச் சொன்னாலும் உள்ளே இருப்பது யூடிசிக் கணம் மட்டும். உள்ளே வரும்போது யூடிசியாக மாற்றி, வெளியே போகும்போது உங்கள் செஷனின் டைம்சோனில் காட்டும். கணங்களுக்கு அதுவே சரியான டைப். பயனர் எந்த ஊரைச் சொன்னார் என்பது அதில் தொலைந்துவிடும். அதனால்தான் டைம்சோன் பெயருக்குத் தனி நெடுவரிசை.

டைம்சோன் இல்லாத டைம்ஸ்டாம்ப் டைப்பில் ஆஃப்செட்டோடு ஒரு ஸ்ட்ரிங் போட்டால் அந்த ஆஃப்செட்டைப் பேசாமல் தூக்கி எறியும். பிழை வராது. எதிர்காலச் சந்திப்பின் உள்ளூர் நேரத்துக்கு மட்டும் இதை வையுங்கள், வேறு எதற்கும் வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லில் டைம்ஸ்டாம்ப் டைப் 2038 ஜனவரி 19, 03:14:07 யூடிசியோடு முடிகிறது. 32 பிட் எண் நிரம்பும் கணம் அது. நீண்ட காலக் கடன், சான்றிதழ், ஓய்வூதியம் என்று ஏதாவது எழுதுகிறீர்கள் என்றால் 2038 உங்களுக்கு இன்றே வந்துவிட்டது.

இடையில் ஸ்ட்ரிங்காக அனுப்ப ஆர்எஃப்சி (இணையத் தரநிலை ஆவணம்) 3339 வடிவம் போதும். டைம்சோன் பெயரும் கூடவே போக வேண்டுமென்றால், சதுர அடைப்புக்குள் பெயர் சேர்க்கும் ஆர்எஃப்சி 9557 2024இல் வந்திருக்கிறது. கடைசியில் யூடிசியைக் குறிக்கும் இசட் உள்ள ஸ்ட்ரிங்கைப் பைத்தானின் ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட் 3.11க்கு முன்னால் ஏற்காது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் கவனியுங்கள்.

செப்டம்பர் 26

டெஸ்டில் "இப்போது" என்பதை எப்படி மாற்றுவது என்று கேட்டவருக்கு: ஃப்ரீஸ்கன் மாதிரி லைப்ரரிகள் உண்டு. பழைய நிரலில் வேறு வழியில்லாதபோது பயன்படுத்துகிறேன். புதிதாக எழுதும்போது நேரம் கொடுக்கும் ஃபங்ஷனை வெளியிலிருந்து உள்ளே அனுப்புவதே மேல். நிரலின் நடுவில் எங்கேயும் நவ் கூப்பிடக் கூடாது என்று ஒரு விதி வைத்தால், நேரத்தைச் சார்ந்த எல்லா இடமும் ஃபங்ஷனின் முகப்பிலேயே தெரியும்.

எந்தத் தேதிகளில் சோதிப்பது? நியூயார்க்கின் 2024 மார்ச் 10 அதிகாலை 2:30, நவம்பர் 3 அதிகாலை 1:30 ஃபோல்டு இரண்டோடும். சாவோ பாவ்லோவின் 2018 நவம்பர் 4 நள்ளிரவு. சமோவாவின் 2011 டிசம்பர் 30. 2024 பிப்ரவரி 29இலிருந்து ஓராண்டு. 2024 டிசம்பர் 30ஐ ஸ்ட்ரிங்காக. 2038 ஜனவரி 20. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவு ஒன்றையும் சேர்ப்பேன். அங்கே டேலைட் சேவிங்குக்கு அரை மணி மட்டும்தான் நகர்த்துகிறார்கள், "ஒரு மணி" என்று எங்காவது கையால் எழுதியிருந்தால் உடனே மாட்டும். ஆஃப்செட்டை முழு மணியாக நினைத்த நிரலைப் பிடிக்க நேபாளத்தின் 5:45.

இந்த டெஸ்டுகள் அனைத்தையும் மெஷினின் டைம்சோனை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். டிஇசட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை யூடிசி, நியூயார்க், பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியின் ப்ளஸ் 14 என்று வைத்து மூன்று தடவை. யூடிசியில் மட்டும் பச்சையாகி மற்ற இரண்டில் சிவப்பானால், டைம்சோன் இல்லாத டேட்டைம் ஒன்று எங்கோ உள்ளே இருக்கிறது.